சிரிக்கலாமா?

பனிச்சறுக்கு விளையாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. பனிமலையைக்கூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இனிமேல் பார்க்கப் போகிறேன் என்கிற நம்பிக்கையும் இல்லை. ஆல்ப்ஸ் மலையிலுள்ள உல்லாச நகரங்களில் ஒரு வாரம் தங்கிச் சறுக்கிவிட்டு வர ஆகும் செலவைக் கேட்டால், நம்மைப் போன்றவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சறுக்கிவிடும்.

ஆனாலும் அந்த விளையாட்டைப் பற்றிய ஒரு சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேள்வி விளையாட்டைப் பற்றியது அல்ல. விளையாடியவரைப் பற்றியது. அவர் என் தொழில்காரர், கதை எழுதியவர். அதனால்தானோ என்னவோ, அவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அவ்வளவு தயக்கம்.

1894-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி. சுவிட்ஸர்லாந்தில் சுமார் 1,560 மீட்டர் உயரத்திலுள்ள தாவோஸ் என்ற ஊர். விடியற்காலை இருட்டிலேயே மூன்று பேர் புறப்படுகிறார்கள். இருவர் அந்த ஊர்க்காரர்கள்; பிராங்கர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள். நார்வே நாட்டிலிருந்து வந்த நீண்ட மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டவர்கள். பகலில் பழகினால் ஊரார் சிரிப்பார்கள் என்று இருட்டிய பிறகுதான் பழகினார்களாம். மூன்றாமவர் முப்பத்துநான்கு வயது பிரிட்டிஷ் டாக்டர்; டாக்டர் தொழிலைக் கைவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். பெயர் ஆர்தர் கானன் டாயில்.

ஷெர்லக் ஹோம்ஸை நமக்குத் தந்த அதே கானன் டாயில்தான். மூன்று மாதங்களுக்கு முன்னால்தான், 1893 டிசம்பரில் வெளிவந்த கதையில், தம் துப்பறியும் நாயகனை இதே சுவிட்ஸர்லாந்தின் ரைகன்பாக் நீர்வீழ்ச்சியில் தள்ளிக் கொன்றிருந்தார். வாசகர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது அவரே ஒரு சுவிஸ் மலைச்சரிவில் உருளத் துணிந்துவிட்டார்!

மூவரும் சுமார் 2,440 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து, மறுபக்கத்தில் இருக்கும் அரோசா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போன கதையைக் கானன் டாயில் அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். ஒரு செங்குத்தான சரிவில் அவருடைய பலகைகள் அவரைக் கைவிட்டு ஓடிவிட்டன. மனிதர் பாக்கி வழியைக் கால்சட்டையின் உதவியால் சறுக்கித் தீர்த்தார். தையற்காரர் உத்தரவாதம் கொடுத்த துணி அது. அந்த உத்தரவாதத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்லித் தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். அரோசா விடுதியின் பதிவேட்டில், கூட வந்தவர் இவர் பெயருக்கு எதிரே 'விளையாட்டு வீரர்' என்று பிழையான ஆங்கிலத்தில் எழுதிவிட்டாராம். அதில் அவருக்குச் சிறுபிள்ளையின் பெருமை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் இந்த விளையாட்டுக்காகவே சுவிட்ஸர்லாந்துக்கு வருவார்கள் என்று ஜோசியமும் சொல்லி வைத்தார். அது எவ்வளவு பலித்தது என்பதை உலகம் அறியும்.

படித்துவிட்டு நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. லண்டனில் இருந்திருக்க வேண்டியவர் தாவோஸுக்கு எதற்காக வந்தார்?

மனைவிக்காக. லூயிஸா என்பது அந்த அம்மாளின் பெயர். 1893-இல் அவளுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அந்த நாளில் அது மரணத்தின் இன்னொரு பெயர். சில மாதங்கள்தான் என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள். மலைக்காற்றாவது காப்பாற்றட்டும் என்று அவளைத் தாவோஸுக்கு அழைத்து வந்தார். கணவாயைக் கடந்து, கால்சட்டையைத் தேய்த்து, பதிவேட்டைப் பார்த்துச் சிரித்த அந்த வசந்தகாலத்தில், அவருடைய மனைவி அதே ஊரில் இருமிக்கொண்டு படுத்திருந்தாள்.

இதுதான் என் கேள்வி. பக்கத்து அறையில் ஒருத்தி மூச்சுக்குப் போராடும்போது ஒருவன் மலைமேல் ஏறிச் சிரிக்கலாமா?

அந்த ஊரை நினைத்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தாவோஸ் என்றால், 1971 முதல் பெரும்பாலும் ஜனவரி மாதங்களில் உலகப் பொருளாதார மன்றம் கூடுகிற பணக்கார ஊர் என்றுதான் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் பணத்தைக் கண்டதே நோயினால். 1853-இல் அங்கே வந்து சேர்ந்த ஸ்பெங்லர் என்ற ஜெர்மானிய டாக்டர், ஊர்மக்களிடையே காசநோய் காணப்படாததைக் கவனித்தார். மலைக்காற்றே மருந்து என்ற நம்பிக்கை பரவியது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் வந்தார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரால் நமக்கெல்லாம் பழகிப்போன 'சானடோரியம்' என்ற சொல், அந்த மலைச்சரிவில் மாடி மாடியாக எழுந்து நின்றது. ஆர். எல். ஸ்டீவன்ஸன் நோயாளியாக 1880 முதல் இரண்டு குளிர்காலங்கள் அங்கே இருந்தார். 'புதையல் தீவு' நாவலை அங்கேதான் முடித்தார். 1912-இல், சிகிச்சையில் இருந்த மனைவியைப் பார்க்க வந்த தாமஸ் மான் சில வாரங்களே தங்கினார். அந்தச் சில வாரங்கள் 1924-இல் 'மாய மலை' என்ற பெரிய நாவலாயின.

வைத்தியம் என்ன தெரியுமா? சும்மா படுத்திருப்பது. வெயில் படும் பக்கமாகக் கட்டப்பட்ட பால்கனிகளில் சாய்வு நாற்காலி போட்டு, கழுத்துவரை கம்பளி போர்த்தி, உறைபனிக் காலத்திலும் மணிக்கணக்காகத் திறந்த வெளியில் படுக்க வைப்பார்கள். பேசக்கூடாத நேரம், அசையக்கூடாத நேரம் எல்லாம் உண்டு. கண்ணுக்கு மட்டும் தடையில்லை. எதிரே வெள்ளை வெளேரென்ற மலை. அந்த மலையில் மெல்ல மெல்லச் சறுக்குக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இந்தப் பக்கம் மூச்சுவிட முடியாதவர்கள். அந்தப் பக்கம் மூச்சு வாங்க வாங்க ஓடி விழுந்து எழுந்து சிரிப்பவர்கள். நடுவே ஒரு சிறிய பள்ளத்தாக்கு.

நம் வீடுகளில் மலை இல்லை, கேள்வி இருக்கிறது. தகப்பனார் படுக்கையில் கிடக்கிறார், பிள்ளை சிநேகிதர்களோடு சினிமாவுக்குப் போகலாமா? உள் அறையில் பாட்டி முனகுகிறாள், கூடத்தில் குழந்தைகள் பாட்டுப் போட்டு ஆடலாமா? "போடா, வீட்டில் சீக்காளி இருக்கும்போது என்னடா சிரிப்பு?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த அதட்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறர் துன்பம் நம்மைத் தொடவேண்டும். தொடாத மனம் மரக்கட்டை. ஆனால் அந்த நியாயத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். உலகத்தில் ஒருவன் அழும்வரை இன்னொருவன் சிரிக்கக் கூடாது என்றால், மனித இனம் தோன்றிய நாள் முதல் யாருமே சிரித்திருக்க முடியாது. குழந்தைக்குத் தாலாட்டுக்கூடப் பாடியிருக்க முடியாது. நம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதால் நோயாளியின் ஜுரம் ஒரு டிகிரி இறங்கிவிடுமா? சில வேளைகளில் ஏறத்தான் செய்யும். 'என்னால் இந்த வீடே இருண்டு போயிற்று' என்ற எண்ணத்தைவிடப் பாரமான போர்வை நோயாளிக்கு வேறில்லை.

கானன் டாயிலை நான் புனிதராக்க முயலவில்லை. 1897-இல் இன்னொரு பெண்ணைச் சந்தித்து மனம் பறிகொடுத்தார். லூயிஸா இறந்த மறு வருஷம் அவளையே மணந்துகொண்டார். மனித மனம் சமதளம் அல்ல, மேடும் பள்ளமும்தான். ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் எழுத வேண்டும். சில மாதங்களே என்று வைத்தியர்கள் சொன்ன மனைவி பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தாள், 1906-இல்தான் இறந்தாள். அவளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று ஒரு குளிர்காலம் எகிப்துக்கு அழைத்துப் போனார். இங்கிலாந்திலேயே அவளுக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய மேட்டு நிலமாகப் பார்த்து வீடு கட்டினார். மலையில் சிரித்தவரும் அவர்தான். மனைவியைத் தூக்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவரும் அவர்தான். சிரிப்பு அந்தக் கடமையை மறக்கச் செய்யவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் சளைக்காமல் சுமக்க, நடுநடுவே ஒரு மலையும் ஒரு சிரிப்பும் வேண்டியிருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. நோயாளிக்குப் பணிவிடை செய்து பழக்கப்பட்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அவர் சிரிப்பை நான் மன்னிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தச் சிரிப்பு ஒளிந்துகொள்ளவில்லை. யாரையும் ஒளித்து வைக்கவும் இல்லை. அந்த நாளைய தாவோஸில் நோயாளி மறைவான ஆள் அல்ல. ஊரே அவருக்காகத்தான் இருந்தது. பால்கனிகள் மலையைப் பார்த்தன. மலையும் பால்கனிகளைப் பார்த்தது. சறுக்குகிறவனின் கண் அங்கே போகாமல் இருக்க முடியாது. துன்பம் தெரியும்படி இருந்தது, இன்பமும் தெரியும்படி இருந்தது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு வாழ்ந்தன. அது தர்மசங்கடம்தான். ஆனால் அதில் பொய் இல்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கதை அங்கே நிற்கவில்லை.

ஆரம்பத்தில் பனிச்சறுக்கு என்பது முக்காலும் மலையேற்றம்தான். ஒரு மணி நேரம் பலகைகளோடு மூச்சிரைக்க ஏறினால் சில நிமிஷங்கள் சறுக்கலாம். அந்த இறக்கத்தின் விலையை ஒவ்வொருவனும் தன் காலால் கொடுத்தான். 1934 டிசம்பர் 24-ஆம் தேதி, அதே தாவோஸில், கான்ஸ்டாம் என்ற பொறியியலாளர் அமைத்த ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஓடும் கம்பியில் தொங்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அது சறுக்குக்காரனை மேலே இழுத்துப் போய்விடும். ஏறாமலே இறங்கும் காலம் பிறந்தது. முன்பு ஒரு நாளில் ஒரு முறை கிடைத்த இன்பம் இப்போது இருபது முறை கிடைத்தது. பிறகு 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் மலைக்காற்று வைத்தியம் பழங்கதையாயிற்று. நோயாளிகள் போனார்கள். சானடோரியங்கள் ஹோட்டல்களாயின. 1900-இல் நோயாளிகளுக்காகத் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் 1950-களில் ஹோட்டலாக மாறி, அதே பால்கனிகளில் விருந்தாளிகளைச் சாய்த்தது. இது நல்ல செய்திதான்; ஒரு கொடிய நோய்க்கு மருந்து கிடைத்ததற்கு யார் வருத்தப்படுவார்கள்?

ஆனால் துன்பம் பால்கனியிலிருந்து எழுந்து ஊரைவிட்டே போய்விட்டதா? இல்லை. அது அறை மாறியது.

விருந்தாளி ஏறவில்லை என்றால் அவனுக்குப் பதிலாக வேறு யாரோ ஏறுகிறார்கள் என்று அர்த்தம். இயந்திரம் பாதியை ஏறுகிறது. மீதியை மனிதர்கள் ஏறுகிறார்கள். படுக்கை விரிக்க, தட்டுக் கழுவ, பனியை வெட்டிப் பாதை போட, புதிய ஹோட்டலுக்குச் சுவர் எழுப்ப ஆட்கள் வேண்டும். இத்தாலியிலிருந்து வந்தார்கள், பிறகு ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்தார்கள். இவர்களுக்கென்று சுவிட்ஸர்லாந்தில் ஒரு சட்டம் இருந்தது. பருவகாலத் தொழிலாளி என்று பெயர். வருஷத்தில் அதிகபட்சம் ஒன்பது மாதம் வேலை செய்யலாம். பிறகு நாட்டைவிட்டுப் போய், மறுபடி அனுமதி வாங்கிக்கொண்டு வரவேண்டும். பருவத்தின் நடுவில் முதலாளியை மாற்ற முடியாது. முக்கியமாக, மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த ஆண்டு எது தெரியுமா? அதே 1934. விருந்தாளியை மேலே இழுக்கும் கம்பியும், தொழிலாளியைக் குடும்பத்திலிருந்து வெட்டும் கத்தியும் ஒரே வருஷத்துக் குழந்தைகள். முன்னதற்குப் பின்னது காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சட்டம் மலை நகரங்களுக்கு மட்டும் ஆனதும் இல்லை. கட்டடம், விவசாயம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும்தான். ஆனால் ஹோட்டல் பருவம் அதன் தோளில்தான் ஏறி நின்றது.

பெற்ற குழந்தையை விட்டுவிட்டு ஒன்பது மாதம் இருக்க எல்லோராலும் முடியுமா? முடியாதவர்கள் குழந்தையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். பல்லாயிரம் குழந்தைகள் அப்படி வளர்ந்தார்கள் என்று இப்போது வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காலையில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும்போது குழந்தையை அறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். ஜன்னல் பக்கம் போகாதே. ஓடாதே. அழாதே. கதவு தட்டினால் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட்டுத் தோழன் கிடையாது. பக்கத்து வீட்டார் போலீஸுக்குச் சொல்லிவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். ஒளித்து வைக்கத் துணியாதவர்களில் சிலர், எல்லைக்கு அப்பால் இத்தாலியிலிருந்த விடுதிகளில், அனாதைகளோடு அனாதைகளாகத் தங்கள் குழந்தைகளை விட்டு வைத்தார்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்க, இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் இருக்க, அனாதை!

இந்தச் சட்டம் 2002-இல்தான் முடிவுக்கு வந்தது. அந்தக் குழந்தைகள் இன்று நரைத்தவர்கள். நாட்டின் மன்னிப்பைக் கேட்டு அவர்களில் சிலர் 2021-இல் ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பால்கனியில் ஒரு நோயாளி. மலையில் ஒரு சிரிப்பு. அலமாரிக்குள் ஒரு குழந்தை. மலையில் ஒரு சிரிப்பு. சிரிப்பு ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? லூயிஸாவின் நோய்க்குக் கணவரின் சிரிப்பு காரணமில்லை. அவர் சிரிப்பதற்காக அவள் இருமலை அடக்க வேண்டியிருக்கவும் இல்லை. அலமாரிக் குழந்தையின் கதை அப்படியல்ல. விருந்தாளியின் அறை மலிவாகவும் சுத்தமாகவும் நேரத்துக்குத் தயாராகவும் இருப்பதற்கு, அந்தக் குழந்தை இல்லாததுபோல் இருக்கவேண்டும். அந்த இன்பம் பிறர் துன்பத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. அதை மௌனமாக இருக்கச் சொல்லி அதன் மேலே நின்றது.

"நாங்கள் போகாவிட்டால் அந்தத் தொழிலாளிக்குப் பிழைப்பு ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தச் சம்பளம் தெற்கு இத்தாலியில் எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்திருக்கிறது. 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக சுவிட்ஸர்லாந்துக்குப் போன நம் தமிழர்களில் பலருக்கும் முதலில் கிடைத்தது உணவு விடுதிச் சமையல்கட்டு வேலைதான். அந்தத் தட்டுக் கழுவிய கைகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பங்களைக் கரையேற்றின! வேலை இழிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சம்பளம் என்பது உழைப்புக்கு விலை. குழந்தையின் மௌனத்துக்கு அது விலை ஆகுமா? அதற்கு யாரும் பில் போட்டதில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை.

"அந்த விருந்தாளிக்கு இது தெரியாதே, தெரியாதவன் மேல் எப்படிப் பாவம் சொல்வது?" என்றும் கேட்கலாம். இந்த இடத்தில்தான் நான் வெகு நேரம் தடுமாறினேன். கானன் டாயில் தாவோஸின் துன்பத்தை அறியாமல் இருக்க முடியாது. மருந்து வாசனை வீசும் அறையிலிருந்து புறப்பட்டவர் அவர். பிற்கால விருந்தாளியோ அறியாமல் இருப்பதற்காகவே பணம் கொடுக்கிறான். உல்லாச விடுதி விற்பது மெத்தையையும் மதுவையும் மட்டும் அல்ல. விரிப்பு எப்படி மாறியது, தட்டு எப்படிச் சுத்தமாயிற்று என்று கேட்கத் தேவையில்லாத நிம்மதியையும் சேர்த்து விற்கிறது. அந்த அறியாமை தற்செயல் இல்லை, அதுதான் சரக்கு. விலை கொடுத்து வாங்கிய அறியாமைக்கு மன்னிப்பு எளிதல்ல.

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். பக்கத்தில் துன்பம் இருக்கும்போது சிரிக்கலாம். துன்பப்படுகிறவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளும்படியான சிரிப்பாக இருந்தால் போதும். அவர் ஜன்னலைச் சாத்தினால்தான் நமக்குச் சிரிப்பு வரும் என்றால், அந்தச் சிரிப்பில் ஏதோ திருட்டு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும்கூட இந்த அளவுகோல் செல்லும் என்று நினைக்கிறேன். அளந்து பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நான் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதுவதற்காக இந்த வீட்டில் யார் யார் சத்தமில்லாமல் நடக்கிறார்கள் என்று நான் என்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்?

எழுதி முடிக்கும்போது கானன் டாயில் என் மனத்தில் இல்லை. ஒரு சிறு பெண் இருக்கிறாள். பெயர் எனக்குத் தெரியாது, பல்லாயிரத்தில் ஒருத்தி. பூட்டிய அறைக்குள் திரைச்சீலையின் ஓரத்தை விரல் அளவுக்கு விலக்கிப் பார்க்கிறாள். வெளியே வெயிலில் பனி பளபளக்கிறது. யாரோ ஒரு கனவான் சறுக்கி விழுந்து, தொப்பி ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமுமாகப் புரண்டு எழுகிறார். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் பொங்கிக்கொண்டு வருகிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூடிய கதவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

சிரிக்கலாமா?